சிரிக்க வைத்தவர்கள் சென்றுவிட்டனர், சுருள்கள் மிஞ்சுமா?

2025-ம் ஆண்டு தீபாவளி நாளான அக்டோபர் 20 மாலை, மும்பை சாந்தாகுரூஸ் மயானத்தில் ஓர் உடல் தகனம் செய்யப்பட்டது. குடும்பத்தினரும் மிக நெருங்கியவர்களுமாகச் சிலர் மட்டுமே உடனிருந்தனர். இறுதிச் சடங்குகள் முடிந்த பிறகே, மறைந்தவர் நகைச்சுவை நடிகர் அஸ்ரானி என்ற செய்தி வெளியுலகுக்குத் தெரிந்தது. தமது மறைவை ஆரவாரமாக்க வேண்டாம் என்று மனைவியிடம் அவர் முன்பே கூறியிருந்தாராம். அவருக்கு வயது 84. அன்று காலைதான் ரசிகர்களுக்குச் சமூக ஊடகத்தில் தீபாவளி வாழ்த்துத் தெரிவித்திருந்தார்.

ஐந்தே நாள்களில், அக்டோபர் 25-ல், மற்றொரு நகைச்சுவை நடிகரான சதீஷ் ஷா 74-வது வயதில் காலமானார். நவம்பர் 24-ல் தர்மேந்திரா மறைந்தார். இன்னும் இரண்டு வாரம் இருந்திருந்தால் அவருக்கு 90 வயது நிறைந்திருக்கும்.

முப்பத்தைந்து நாள்களுக்குள் நிகழ்ந்த இம் மூன்று மரணங்களும் ஹிந்தித் திரையுலகை உலுக்கின. மூவரில் ஒருவர் அறுபது ஆண்டுக்கால நட்சத்திரம். மற்ற இருவரும் சுவரொட்டியில் பெயர் சிறியதாக அச்சிடப்படும் வகையைச் சேர்ந்தவர்கள். ஆயினும், தில்லியின் தேநீர்க் கடைகளிலும் அலுவலக உணவகங்களிலும் அந்த வாரங்களில் மக்கள் நினைவுகூர்ந்த காட்சிகளில் பாதிக்கு மேல், அச் "சிறிய' நடிகர்கள் இரண்டு மூன்று நிமிடங்கள் மட்டுமே வந்துபோன காட்சிகள்தாம்.

ஆங்கிலேயர் காலத்து ஜெயிலர்

கோவர்தன் அஸ்ரானி 1941 ஜனவரி 1-ல் ஜெய்ப்பூரில் ஒரு சிந்திக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை தரைவிரிப்புக் கடை வைத்திருந்தார். மகனுக்கு வியாபாரத்தில் நாட்டமில்லை. கல்லூரியில் படிக்கும்போதே ஜெய்ப்பூர் வானொலி நிலையத்தில் குரல் கொடுத்துச் செலவைச் சமாளித்தார். 1964-ல் புணே திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் சேர்ந்து 1966-ல் பயிற்சியை முடித்தார். பிரபாத் ஸ்டூடியோ இருந்த வளாகத்தில் மத்திய அரசு 1960-ல் தொடங்கிய நிறுவனம் அது.

நடிப்பைப் படித்துவிட்டு வந்தவர் என்பதற்கு அன்றைய மும்பையில் பெரிய மதிப்பு ஏதுமில்லை. நடிப்பதற்குச் சான்றிதழா என்று தயாரிப்பாளர்கள் சிரித்ததை அவரே நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். 1967-ல் "ஹரே காஞ்ச் கீ சூடியான்' படத்தில் தலைகாட்டினாலும் வாய்ப்புகள் தொடரவில்லை. புணேக்கே திரும்பி, தாம் படித்த இடத்திலேயே ஆசிரியரானார். பின்னர் புகழ்பெற்ற ஜெயா பாதுரி அங்கு அவரிடம் பயின்றவர்களுள் ஒருவர்.

அந்த மாணவி கதாநாயகியாக அறிமுகமான "குட்டி' (1971) படம்தான் ஆசிரியருக்கும் வழி திறந்தது. ஹிந்தியில் "குட்டி' என்றால் பொம்மை. ரிஷிகேஷ் முகர்ஜி இயக்கிய அப் படத்தில், நடிகனாகும் கனவுடன் மும்பைக்கு ஓடிவந்து, கடைசியில் துணை நடிகர் கூட்டத்தில் ஒருவனாக நிற்கும் குந்தன் என்ற இளைஞனாக அஸ்ரானி வந்தார். சிரிக்க வைத்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று நெஞ்சைப் பிசைந்துவிடுகிற வேடம். அந்த இளைஞனின் கதை ஏறத்தாழ அவருடைய கதையும்தான். அதன் பிறகு அவருக்கு ஓய்வில்லை. 350-க்கும் மேற்பட்ட படங்கள். "ஆஜ் கீ தாஜா கபர்' (1973), "பாலிகா வதூ' (1976) ஆகிய படங்களுக்காகச் சிறந்த நகைச்சுவை நடிகருக்கான பிலிம்பேர் விருதை இருமுறை பெற்றார். இவ்வளவுக்கும் பிறகு, அவர் எந்தத் தெருவில் இறங்கி நடந்தாலும் மக்கள் கேட்டது ஒரே ஒரு வசனத்தைத்தான்.

1975 ஆகஸ்ட் 15-ல் வெளியான "ஷோலே'யில், தான் ஆங்கிலேயர் காலத்து ஜெயிலர் என்று பெருமையடித்துக்கொள்ளும் சிறை அதிகாரி அவர். எழுத்தாளர்கள் சலீம்-ஜாவேத் இருவரும் ஹிட்லரின் பலவிதத் தோற்றங்கள் அடங்கிய ஒரு புத்தகத்தைத் தம் கையில் கொடுத்து, இந்த மாதிரி ஓர் ஆள் வேண்டும் என்றனர் என அஸ்ரானி பல முறை கூறியதுண்டு. ஹிட்லர் மேடையில் பேசும்போது குரலை முதலில் தாழ்த்தி, பிறகு படிப்படியாக ஏற்றி, உச்சத்தில் உடைக்கும் முறையைப் பயிற்சி நிறுவனத்தில் பாடமாகவே கேட்டிருந்தார். சாப்ளினின் "தி கிரேட் டிக்டேட்டர்' ஏற்கெனவே காட்டியிருந்த வழியும் இருந்தது. மீசை, நடை, கைத்தடி, திடீரென்று கீச்சிடும் குரல் எல்லாம் அப்படிப் பிறந்தவையே. தற்செயலாக அமைந்த கோமாளித்தனம் அல்ல. பாடம் படித்துச் செய்த வேலை.

மூன்றரை மணி நேரத்துக்குச் சற்றே குறைவான படத்தில் அந்த ஜெயிலர் திரையில் நிற்பது சில நிமிடங்களே. அந்த நிமிடங்கள் நாடெங்கும் பரவியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. "ஷோலே'யின் பாடல்களைப் போலவே வசனங்களும் இசைத்தட்டாக வெளியிடப்பட்டு அமோகமாக விற்பனையாயின. "திருவிளையாடல்' வசனத்தைக் கோயில் திருவிழா ஒலிபெருக்கிகளில் கேட்டு மனப்பாடம் செய்த தமிழ் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. படம் பார்க்காதவனுக்கும் ஜெயிலரைத் தெரிந்திருந்தது.

அதே படத்தில் சாம்பா என்ற கொள்ளையனாக வந்த மேக் மோகன், தன் தலைவன் தலைக்கு அரசு வைத்திருக்கும் விலை எவ்வளவு என்ற கேள்விக்கு ஐம்பதாயிரம் என்று பாறை மேலிருந்து பதில் சொல்வார். ஏறக்குறைய அவருடைய வசனம் அவ்வளவுதான். 2010-ல் அவர் மறைந்தபோது தலைப்புச் செய்தியானதும் அதுதான்.

இறப்பதற்கு முன்பே இரங்கல்

தர்மேந்திரா விஷயத்தில் நடந்தது வேறு. அஸ்ரானியின் மரணம் நிகழ்ந்த பிறகும் ஊருக்குத் தெரியவில்லை. தர்மேந்திராவின் மரணமோ நிகழ்வதற்கு முன்பே அறிவிக்கப்பட்டது. மும்பை மருத்துவமனையில் அவர் சிகிச்சை பெற்றுவந்த நிலையில், நவம்பர் 11 காலையில் அவர் காலமாகிவிட்டதாகப் பல தொலைக்காட்சிகளும் இணையதளங்களும் செய்தி வெளியிட்டன. பிரமுகர்கள் சிலர் இரங்கல் தெரிவித்து, பின்னர் அதை நீக்கினர். தந்தை உயிருடன் இருக்கிறார் என்று மகள் ஈஷா தியோல் அறிவிக்க வேண்டியதாயிற்று. மன்னிக்க முடியாத செயல் என்று மனைவி ஹேமமாலினி கண்டித்தார். மறுநாளே அவர் வீடு திரும்பினார். யார் முதலில் சொல்வது என்ற போட்டியில், ஒருவரின் உயிர் போகும்வரை காத்திருக்கக்கூடப் பொறுமை இல்லாமல் போனது வெட்கத்துக்குரியது.

இரு வாரங்கள் கழித்து அவர் உண்மையிலேயே மறைந்தபோது, குடும்பம் அன்றே தகனத்தை முடித்துவிட்டது. மயான வாசலில் கூடிய ரசிகர்களுக்கு முகம் பார்க்கும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. அதில் வருத்தமுற்றோர் பலர். ஆனால், நவம்பர் 11-ல் நடந்ததற்குப் பிறகு குடும்பத்தைக் குறை சொல்ல யாருக்கும் நா எழவில்லை.

பஞ்சாபின் லூதியானா மாவட்டம் நஸ்ராலி கிராமத்தில் 1935 டிசம்பர் 8-ல் பிறந்தவர் தர்மேந்திரா. "பிலிம்பேர்' இதழ் நடத்திய புதுமுகத் தேர்வின் வழியே மும்பைக்கு வந்தார். முதல் படம் 1960-ல் வெளியாயிற்று. 1966-ல் வந்த "பூல் அவுர் பத்தர்' அவரைக் கட்டுமஸ்தான நாயகனாக்கியது, அந்தப் பிம்பம் கடைசிவரை விடவில்லை. பிமல் ராயின் "பந்தினி'யில் (1963) சிறை மருத்துவராகவும், ரிஷிகேஷ் முகர்ஜியின் "சத்யகாம்' (1969) படத்தில் நேர்மைக்காக எல்லாவற்றையும் இழக்கும் பொறியாளராகவும் வந்த தர்மேந்திராவை நினைவில் வைத்திருப்போர் குறைவு. நடிகர் என்ற முறையில் அவருடைய உச்சம் "சத்யகாம்'தான் என்பதில் விமர்சகர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. வசூலில் அது தோல்விப் படம்.

2004 முதல் 2009 வரை ராஜஸ்தானின் பிகானேர் தொகுதியிலிருந்து பாஜக உறுப்பினராக மக்களவையில் இருந்தார். அவையில் அவரைக் காண்பது அரிது. அரசியல் தமக்கு உகந்ததல்ல என்பதைப் பின்னாளில் அவரே வெளிப்படையாகச் சொன்னார். 2012-ல் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது.

அஸ்ரானியும் தர்மேந்திராவும் சேர்ந்து நடித்தவற்றுள் மூன்று படங்கள் முக்கியமானவை. "ஷோலே' ஒன்று. அதே 1975-ல், சில மாதங்களுக்கு முன் வந்த "சுப்கே சுப்கே' இன்னொன்று. அதில் தர்மேந்திரா தாவரவியல் பேராசிரியர். மனைவியின் அக்காள் கணவர் சுத்த ஹிந்திப் பித்துப் பிடித்தவர் என்பதால், அவரை ஏமாற்றக் கார் ஓட்டுநராக வேடமிட்டு, சமஸ்கிருதச் சொற்கள் மட்டுமே கலந்த ஹிந்தியைப் பொழிகிறார். அந்த நாடகத்துக்கு உடந்தையாக இருக்கும் நண்பர் அஸ்ரானி. தனித்தமிழ், மணிப்பிரவாளம் என்று நூறாண்டு வாதித்த நம்மவர்களுக்கு அந்தக் கேலி மொழிபெயர்ப்பில்லாமலே புரியும்.

மூன்றாவது படம், முன்பு சொன்ன "குட்டி'. அதில் தர்மேந்திரா, தர்மேந்திராவாகவே வருகிறார். அவர் மீது பித்துக் கொண்ட பள்ளி மாணவிக்கு, திரையில் தெரியும் வீரன் வேறு, தான் வேறு என்று அவரே உணர்த்துவதுதான் கதை. ஒரு காட்சியில், பாழடைந்து கிடக்கும் படப்பிடிப்புத் தளம் ஒன்றுக்கு அவளை அழைத்துச் செல்கிறார். பிமல் ராய் போன்றோர் "தோ பீகா ஜமீன்' முதலிய படங்களை உருவாக்கிய இடம் இது, இன்று இங்கு எதுவும் இல்லை என்று தாழ்ந்த குரலில் பேசுகிறார். பிமல் ராய் அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு, 1966-ல் மறைந்திருந்தார். அவரிடம் படத்தொகுப்பாளராக இருந்தவர் ரிஷிகேஷ் முகர்ஜி. அவர் படத்தில் நடித்தவர் தர்மேந்திரா. அந்தக் காட்சியில் நடிப்பு என்று தனியாக ஏதும் தேவைப்பட்டிருக்காது.

பிணமாக நடித்தவர்

சதீஷ் ஷாவும் புணே நிறுவனத்தில் பயின்றவரே. 1983-ல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் ஏழு லட்சம் ரூபாய்க்கும் குறைவான செலவில் தயாரித்த "ஜானே பீ தோ யாரோ' அவருக்கு நிலையான இடம் தந்தது. குந்தன் ஷா இயக்கிய அப் படத்தில் அவர் ஊழல் மாநகராட்சி ஆணையர். படத்தின் பின்பாதி முழுவதும் பிணம். சக்கரம் பொருத்திய பெட்டியில் தள்ளப்பட்டு, ஊரெல்லாம் இழுத்துச் செல்லப்பட்டு, கடைசியில் மகாபாரத நாடக மேடையில் திரெளபதியின் சேலையுடன் நிறுத்தப்படும் பிணம். கண்ணிமைக்காமல், உதடு அசையாமல், உடலின் எடையை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு நடிகர் அரங்கத்தைக் குலுங்க வைத்தது அபூர்வம். கட்டுமான முதலாளிகளும் அதிகாரிகளும் சேர்ந்து மேம்பாலம் கட்டி இடிய விடும் கதை அது. இன்றும் பழையதாகவில்லை என்பது படத்துக்குப் பெருமை, நாட்டுக்கு அல்ல.

மறு ஆண்டு தூர்தர்ஷனில் தொடங்கிய "யே ஜோ ஹை ஜிந்தகி' தொடரில் வாரம் ஒரு வேடமாக ஐம்பதுக்கும் மேற்பட்ட பாத்திரங்களில் அவர் தோன்றினார். தொலைக்காட்சிப் பெட்டி தெருவுக்கு ஒன்றிருந்த காலம். தில்லியில் அண்டை வீட்டார் கூடத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்த தலைமுறைக்கும், 2004-ல் தொடங்கிய "சாராபாய் வெர்சஸ் சாராபாய்' தொடரில் மனைவியையும் மகனையும் சீண்டிக்கொண்டே இருக்கும் இந்திரவதன் சாராபாயாக அவரைக் கண்ட அடுத்த தலைமுறைக்கும் அவர் சொந்தக்காரர் மாதிரி. மும்பையில் அவரது இறுதி நிகழ்ச்சியில் சக நடிகர்கள் அத் தொடரின் முகப்புப் பாடலைப் பாடியே விடை கொடுத்தனர்.

வெட்டுப்படுவது யார்?

இரங்கல் கூட்டங்கள் முடிந்தன. மலர்வளையங்கள் வாடின. இனி அஸ்ரானியை, சதீஷ் ஷாவைப் பார்க்க விரும்புவோருக்கு எஞ்சியிருப்பது படங்கள் மட்டுமே. அவை எந்த நிலையில் இருக்கின்றன என்பதுதான் கேள்வி.

பெரிய நட்சத்திரத்துக்கு இதனால் நேரும் இழப்பு குறைவு. தர்மேந்திராவின் பத்துப் படங்கள் அழிந்தாலும் பாடல்களும் புகைப்படங்களும் பேட்டிகளும் அவரைத் தாங்கி நிற்கும். இரண்டு காட்சிகளில் வந்துபோகும் நடிகரின் கதை அப்படியல்ல. அந்த இரண்டு காட்சிகள் போனால் அவரே போய்விட்டார். அதிலும், ஒரு படத்தை மறு வெளியீட்டுக்காகவோ தொலைக்காட்சியின் நேரக் கணக்குக்காகவோ சுருக்கும்போது முதலில் கத்தரிக்கோல் விழுவது கதையோடு ஒட்டாத நகைச்சுவைப் பகுதியில்தான். காட்சி நேரத்துக்காகப் பாடலையும் நகைச்சுவையையும் சேர்த்து வெட்டிவிடும் வழக்கத்தைத் தமிழகத்துத் திரையரங்க ரசிகர்களும் நன்கறிவர். வெட்டி எறிந்த பிலிம் துண்டுகளை வெயிலில் பிடித்து, கண்ணாடி வைத்துச் சுவரில் படம் காட்டி விளையாடிய சிறுவர்கள் இன்று தாத்தாக்கள். ஆக, துணை நடிகருக்கு வாழ்வது முழுப் பிரதி ஒன்றினால்தான்.

படச்சுருள் நிரந்தரமானதல்ல. 1950-களின் தொடக்கம்வரை பயன்பட்ட நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பற்றக்கூடியது. அதன் பின் வந்த அசிடேட் சுருள் எளிதில் தீப்பற்றாது. ஆனால் வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்தால் சிதையத் தொடங்கும். பெட்டியைத் திறந்ததும் வினிகர் நாற்றம் அடிக்கும். சுருள் சுருங்கும், நெளியும். ஒரு பெட்டியில் தொடங்கினால் பக்கத்துப் பெட்டிக்கும் தொற்றும். அந்தக் கால வண்ணப் படங்களில் நீலச்சாயல் முதலில் மங்குவதால், பழைய பிரதிகள் முழுவதும் இளஞ்சிவப்பாகத் தெரிகின்றன. குளிரூட்டிய, உலர்ந்த கிடங்கு இருந்தால் இதையெல்லாம் பல பத்தாண்டுகள் தள்ளிப்போடலாம். மும்பை மாதிரிக் கடலோர நகரத்தின் சாதாரணக் கிடங்கில் முடியாது.

வரலாற்றிலேயே அதிக வசூல் படைத்த படங்களுள் ஒன்றான "ஷோலே'யே இதற்குத் தப்பவில்லை. மும்பை மினர்வா திரையரங்கில் ஐந்து ஆண்டுகள் ஓடிய படம் அது. அதன் 70 மி.மீ. பிரதிகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஒளிப்பதிவுக் கருவியிலிருந்து வந்த மூல நெகடிவ் கடுமையாகச் சேதமடைந்திருந்தது. ஷிவேந்திர சிங் துங்கர்பூர் 2014-ல் நிறுவிய "பிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன்' என்ற தொண்டு அமைப்பும் சிப்பி குடும்பத்தாரும் மும்பைக் கிடங்கிலும் லண்டனிலும் இருந்த இடைநிலைப் பிரதிகளைத் தேடி எடுத்தனர். இத்தாலியின் பொலோனா நகரிலுள்ள ஆய்வகத்தில் சுமார் மூன்று ஆண்டுகள் சீரமைப்பு வேலை நடந்தது. லண்டனில் அந்தச் சுருள் தற்செயலாகத் தங்கியிராவிட்டால், கோடிக்கணக்கானோர் பார்த்த படத்துக்கே இன்று நல்ல பிரதி இருந்திராது.

தேடியதில் இன்னொன்றும் கிடைத்தது. "ஷோலே' வெளியானது நெருக்கடி நிலைக் காலம். கைகளை இழந்த முன்னாள் காவல் அதிகாரி, கொள்ளையன் கப்பர் சிங்கைத் தன் காலாலேயே கொல்வதாக இயக்குநர் ரமேஷ் சிப்பி எடுத்த முடிவைத் தணிக்கையினர் ஏற்கவில்லை. சட்டத்தைக் கையிலெடுப்பதாகாதா என்பது அவர்கள் வாதம். போலீஸார் வந்து தடுப்பதாக வேறு முடிவு படமாக்கப்பட்டது. ஐம்பது ஆண்டுகளாக மக்கள் பார்த்தது அந்த மாற்று முடிவையே. அசல் முடிவும் நீக்கப்பட்ட இரு காட்சிகளும் சேர்ந்த பிரதி 2025 ஜூன் 27-ல் பொலோனாவின் நகரச் சதுக்கத்தில் திரையிடப்பட்டது.

இந்தியாவில் அது வெளியான நாள் 2025 டிசம்பர் 12. அதற்கு முந்தைய நாள்தான் தில்லி அம்பேத்கர் சர்வதேச மையத்தில் தர்மேந்திராவுக்குப் பிரார்த்தனைக் கூட்டம் நடைபெற்றது. மதுரா தொகுதி எம்.பி.யும், தமிழகத்தைப் பூர்விகமாகக் கொண்டவருமான ஹேமமாலினி அதற்கு ஏற்பாடு செய்திருந்தார். ஒரு மாலையில் அஞ்சலி. மறு காலையில் நாடெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட திரைகளில் வீருவாகத் தண்ணீர்த் தொட்டி மேலேறிக் குடிபோதையில் அவர் கத்திக்கொண்டிருந்தார். ஜெயிலரும் தம் பங்குக்கு மிடுக்காக வந்துபோனார். சஞ்சீவ் குமார் (1985), அம்ஜத் கான் (1992), ஏ.கே. ஹங்கல் (2012), விஜு கோட்டே (2019), ஜக்தீப் (2020) என ஏற்கெனவே சென்றவர்களும் அந்தத் திரையில் ஒன்றாக இருந்தனர்.

"குட்டி' படத்தில் தர்மேந்திரா ஏங்கிப் பேசிய "தோ பீகா ஜமீன்' (1953) படமும் அதே 2025-ல் சீரமைக்கப்பட்டு, செப்டம்பரில் வெனிஸ் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. 2024 டிசம்பர் 23-ல் மறைந்த இயக்குநர் ஷியாம் பெனகலுக்கு இந்த வகையில் ஒரு பாக்கியம் வாய்த்தது. குஜராத்தின் ஐந்து லட்சம் பால் உற்பத்தியாளர்கள் ஆளுக்கு இரண்டு ரூபாய் போட்டுத் தயாரித்த அவருடைய "மந்தன்' (1976), சீரமைக்கப்பட்டு 2024 மே மாதம் கான் விழாவிலும், அடுத்த மாதம் இந்தியத் திரையரங்குகளிலும் வெளியானபோது அவர் உயிருடன் இருந்தார்.

நூலுக்கு உண்டு, படத்துக்கு இல்லை

இவையெல்லாம் விதிவிலக்குகள். இந்தியாவில் தயாரான ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட மெளனப் படங்களில், துண்டு துணுக்குகளையும் சேர்த்து இன்று கையில் இருப்பவை முப்பதுக்கும் குறைவு. முதல் பேசும் படமான "ஆலம் ஆரா' (1931) இல்லை. அதே ஆண்டு வந்த, தமிழின் முதல் பேசும் படமான "காளிதாஸ்' இல்லை. சுருளிலுள்ள வெள்ளியைப் பிரித்தெடுக்கப் பழைய பிரதிகளை எடைக்குப் போட்ட தயாரிப்பாளர்கள் ஏராளம். 2003 ஜனவரியில் புணேயில் ஏற்பட்ட தீ விபத்தில், காப்பகத்தின் பொறுப்பிலிருந்த பிரபாத் காலத்து நைட்ரேட் சுருள்கள் சாம்பலாயின.

1964-ல் தொடங்கப்பட்ட தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தை உருவாக்கியவர் பி.கே. நாயர் எனலாம். 1991-ல் அவர் ஓய்வு பெறும்வரை ஊர் ஊராக அலைந்து பெட்டி பெட்டியாகச் சுருள்களைச் சேர்த்த கதை தனிக் காவியம். நல்ல படம், கெட்ட படம் என்று தரம் பிரிக்காமல் எல்லாவற்றையும் காக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. 2022 மார்ச்சில் மத்திய அரசு காப்பகத்தைத் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துடன் இணைத்தது. படம் தயாரிக்கும் வணிக நிறுவனத்திடம் காப்பகத்தை ஒப்படைப்பதா என்று திரைக் கலைஞர்கள் பலர் ஆட்சேபித்தனர். அதே ஆண்டு மே மாதம், தேசியத் திரைப்படப் பாரம்பரிய இயக்கத்தின் கீழ் ரூ. 363 கோடியில் சுமார் 2,200 படங்களைச் சீரமைக்கும் திட்டத்தை அரசு அறிவித்தது. தொகை பெரிது, வரவேற்கத்தக்கது. ஆனால், கணினிப் பிரதி எடுத்ததும் மூலச் சுருளைக் கைவிடலாம் என்ற எண்ணம் பரவினால், அதைவிடத் தீங்கு வேறில்லை.

அடிப்படைக் குறை வேறோர் இடத்தில் இருக்கிறது. 1954-ம் ஆண்டின் சட்டப்படி, இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலின் படியும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட பிற நூலகங்களுக்கும் அனுப்பப்பட வேண்டும். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் படம் எடுக்கும் நாட்டில், படங்களைக் காப்பகத்தில் ஒப்படைத்தே தீர வேண்டும் என்று இதற்கு இணையான சட்டம் கிடையாது. தேசிய விருது பெறும் படங்களின் பிரதி காப்பகத்துக்கு வந்துசேர வழி இருக்கிறது. மற்றவை தயாரிப்பாளரின் வாரிசுகளுடைய அக்கறையையும், அவர்கள் வாடகைக்கு எடுத்திருக்கும் கிடங்கின் கூரையையும் நம்பி இருக்கின்றன.

நகைச்சுவைப் படங்களுக்கு விருது கிடைப்பது அரிது. அஸ்ரானி தாமே கதை எழுதி, இயக்கி, நாயகனாகவும் நடித்த "சலா முராரி ஹீரோ பன்னே' 1977-ல் வெளிவந்தது. நடிகனாகும் ஆசையில் ஊரை விட்டு மும்பைக்கு வரும் ஓர் இளைஞனின் கதை. தேசிய விருது எதுவும் அதற்குக் கிடைக்கவில்லை.